நாளறியாப் பிறப்பும் கைவரை வாழ்த்தும்: மலையகத் தோட்டங்களிற் பிறந்தநாள் அட்டை

பிறந்தநாளைப் போற்றும் மரபு தமிழுக்குப் புதியதன்று. அரசன் பிறந்த நாளைப் பாடும் துறையைத் தொல்காப்பியப் புறத்திணையியல் 'பெருமங்கலம்' எனக் குறித்தது. பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலையில் அது 'நாண்மங்கலம்' ஆயிற்று. அந்நாளில் மன்னன் வெண்ணிற ஆடை புனைந்தமையால் 'வெள்ளணி நாள்' என்ற பெயரும் வழங்கிற்று. முதலாம் இராசராசன் பிறந்த சதயம் தஞ்சைப் பெரிய கோயிலில் விழாவாக எடுக்கப்பட்டமைக்குக் கல்வெட்டுச் சான்றுண்டு. இவை யாவும் அரசனுக்கு உரியவை. உழுதவனும் நெய்தவனும் பிறந்த நாளைப் பாட ஒரு துறை வகுக்கப்படவில்லை. பொதுமக்கள் வீட்டில் மாதமும் நட்சத்திரமும் நினைவிற் கொள்ளப்பட்டன. வசதியுள்ளோர் சாதகம் கணித்து ஓலையில் எழுதுவித்தனர். ஏனையோர் பிறப்புத் தாயின் நினைவில் மட்டுமே தங்கியது.

இந்த நினைவையன்றி வேறு ஏடு எதனையும் தம்முடன் கொண்டுவராதவர்களே 19ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து இலங்கையின் மலைநாட்டுக்கு வந்த தொழிலாளர். முதலிற் கோப்பிக்கும், பின்னர்த் தேயிலைக்கும் வந்த அம்மக்களின் வழித்தோன்றல்கள் ஹட்டன், நுவரெலியா, தலவாக்கலை, பொகவந்தலாவை முதலிய பகுதிகளின் லயங்களில் இன்று ஒருவர்க்கொருவர் பிறந்தநாள் அட்டை செய்து கொடுக்கின்றனர். பிறிஸ்டல் போட்டை இரண்டாக மடித்து, பஸ்டலாற் பூ வரைந்து, உள்ளே 'அம்மாவுக்கு' என்றோ 'அப்பாயிக்கு' என்றோ எழுதித் தரும் இச்சிறு பொருளை வரலாற்றுப் பொருளெனக் கொள்வார் அரியர். ஆயினும் அவ்வட்டையில் எழுதப்படும் தேதிக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அட்டை பிறப்பதற்கு முன் தேதி பிறக்கவேண்டியிருந்தது.

அட்டையின் வரலாறு எளிது. அதனை முதலிற் கூறிவிடலாம். 1840இல் றோலண்ட் ஹில்லின் முயற்சியாற் பிரித்தானியாவில் ஒரு பென்னி அஞ்சல் நடைமுறைக்கு வந்தது. 1843இல் ஹென்றி கோல் என்பார் யோன் ஹோஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு நத்தார் வாழ்த்து அட்டையொன்றை வரைவித்து, ஏறத்தாழ ஆயிரம் படிகள் அச்சிட்டார். விலை ஒரு சிலிங். அக்காலத் தொழிலாளி ஒருவனால் வாங்க இயலாத விலை அது. பிறகு வண்ணக் கல்லச்சு மலிந்தபோது அட்டையும் மலிந்தது; பிறந்தநாளும் அதன் பொருள்களில் ஒன்றாயிற்று. இலங்கையில் முதல் அஞ்சல் முத்திரை 1857இல் வெளிவந்தது. புகையிரதம் 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. மலையுச்சியிலிருந்த துரைமார் பங்களாக்களுக்கு வாழ்த்து அட்டைகள் இவ்வழியே ஏறிவந்தன. அதே தபாற்பையில் லயத்துக்குரிய கடிதம் வரினும், அது தோட்டக் காரியாலயத்தின் வழியே வரவேண்டியிருந்தது. வீட்டிலக்கமோ தெருப்பெயரோ அற்ற லயத்துக்குத் தோட்டத்தின் பெயரே முகவரி.

தமிழ்நாட்டிற் பொங்கல் வாழ்த்து அட்டை 20ஆம் நூற்றாண்டிற் பெருவழக்காயிற்று. சிவகாசி அச்சகங்கள் அதனைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டுசென்றன. திருமணத்திலும் ஆசிரியர் ஓய்வுபெறும் விழாவிலும் வாழ்த்துப்பா அச்சிட்டுக் கண்ணாடிச் சட்டமிட்டு அளிக்கும் வழக்கம் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஒருங்கே இருந்தது. கவிஞர் ஒருவருக்கு எழுதி விடுக்கும் சீட்டுக்கவி அதற்கும் முற்பட்டது. ஆகவே தாளில் வாழ்த்தெழுதி ஒருவர் கையிற் கொடுப்பது தமிழர் அறியாத செயலன்று. தோட்டத்துச் சிறுவர் அட்டையின் மேற்புறத்தில் ஆங்கிலத்தில் 'ஹெப்பி பர்த்டே' என எழுதினும், உட்புறத்தில் எழுதுவது பெரும்பாலும் இந்த வாழ்த்துமடல் மரபைச் சார்ந்ததே.

இனித் தேதிக்கு வருவோம். இலங்கையிற் பிறப்பு இறப்புக்களை முறையாகப் பதியும் சட்டம் 1867இல் இயற்றப்பட்டது. லூல்கந்துறைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலையை நட்டதும் அதே ஆண்டிலேயே. இரண்டுக்கும் தொடர்பில்லை, எனினும் தேயிலையின் வயதைத் தோட்டம் அறிந்த அளவு தொழிலாளியின் வயதை அறியவில்லை என்பது உண்மை. எந்த மலை எந்த ஆண்டு நடப்பட்டது, எப்பொழுது கவ்வாத்து வெட்டப்பட்டது என்பன ஏட்டில் இருந்தன. தொழிலாளியின் பெயரும் ஏட்டில் இருந்ததுதான். செக்றோலில் அது நாட்சம்பளத்தின் பொருட்டு இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கடல் கடந்து வந்தோரின் கழுத்தில் இலக்கம் பொறித்த தகரத்துண்டு தொங்கவிடப்பட்டது. தோட்டம் விட்டுத் தோட்டம் மாறியவன் கையில் அவனது கடன் குறித்த 'துண்டு' இருந்தது. அந்தத் துண்டுமுறை 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இவ்வளவு தாள்களிலும் தகரங்களிலும் அவன் பிறந்த நாளுக்கு இடமிருக்கவில்லை.

தோட்டத்தில் நிகழ்ந்த பிறப்பை அறிவிக்கும் பொறுப்புப் பெற்றோரிடம் மட்டும் விடப்படவில்லை. அது தோட்டத்துரையையும் சார்ந்திருந்தது. தாய் சொன்ன பெயரை ஒருவர் கேட்டு, இன்னொருவர் ஆங்கிலத்தில் எழுதி, மூன்றாமவர் பெயர்த்தெழுதியபோது, பெயர் உருமாறுவதும் நாள் பிசகுவதும் இயல்பாயின. வீட்டில் ஒரு பெயரும் பத்திரத்தில் இன்னொரு பெயரும் உடையோர் லயந்தோறும் உளர். பதியப்படாமலே போன பிறப்புக்களும் பல. மக்களோ தம் வயதைத் தமக்குத் தெரிந்த முறையிற் கணக்கிட்டனர். வெள்ளம் வந்த ஆண்டு, கொள்ளைநோய் வந்த ஆண்டு, துரை மாறிய ஆண்டு என்பன அவர்தம் பஞ்சாங்கம். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்திற் கோவிந்தன் பொலிசாராற் சுடப்பட்டு இறந்தமை போன்ற நிகழ்ச்சி, அத்திசையில் வாழ்ந்தோர்க்கு எந்த நாட்காட்டியினும் தெளிவான குறியாகும். இம்முறையிற் குறையேதும் இல்லை, அரசு வந்து கேட்கும்வரை.

அரசு கேட்டது 1948இல். அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்திருப்பதொன்றே போதாது என்றது. தந்தை இலங்கையிற் பிறந்தவரென்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்களென்றோ காட்டவேண்டும். தன் பிறப்புக்கே தாள் இல்லாதவன் பூட்டன் பிறப்புக்குத் தாள் தேடவேண்டியவனானான். 1949இன் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் வேறொரு வாயிலைத் திறந்தது. 1946 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன் மணமானவர் 7 ஆண்டுகளும் மணமாகாதவர் 10 ஆண்டுகளும் இடையறாது நாட்டில் வதிந்தமையை அவர்கள் நிறுவவேண்டும். ஏறத்தாழ 8 லட்சம் பேரை உள்ளடக்கி 2 லட்சத்து 37 ஆயிரம் விண்ணப்பங்கள் சென்றன. பிரஜாவுரிமை பெற்றோர் 1 லட்சத்து 34 ஆயிரம் அளவினரே. 1947 தேர்தலில் ஏழு உறுப்பினரைப் பாராளுமன்றுக்கு அனுப்பிய மக்கள் அடுத்த தேர்தலில் வாக்காளர் பட்டியலில் இல்லாமற் போயினர். நாளும் இடமும் எழுதிய ஒரு தாளின் விலையை மலையகம் அறிந்தது இவ்வாறே. அதன்பின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் நகையினும் பெரிதாகத் தகரப்பெட்டியின் அடியில் வைத்துக் காக்கப்பட்டது.

1964 ஒக்டோபர் 30இற் கையொப்பமான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்றோரை 9 லட்சத்து 75 ஆயிரமெனக் கணக்கிட்டது. அவர்களில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கும் 3 லட்சம் பேர் இலங்கைக்குமாகப் பகுக்கப்பட்டனர். எஞ்சிய ஒன்றரை லட்சத்தை இரு நாடுகளும் 1974இற் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. அண்ணன் ஒரு நாட்டவனும் தம்பி மற்றொரு நாட்டவனும் ஆன குடும்பங்கள் பல. கோச்சி புறப்படும்போது ஹட்டன் நிலையம் அழுகையால் நிறைந்ததைக் கண்டோர் இன்றும் கூறுவர். தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பல் 1984 வரை ஓடியது. சென்றோரிற் பலர் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்களிற் குடியமர்த்தப்பட்டனர். மீண்டும் அதே கொழுந்து, அதே கூடை.

குடும்பத்தவர்க்கு வாழ்த்தெழுதும் தேவை மலையகத்தில் வேர்கொண்டமைக்கு இப்பிரிவும் ஒரு காரணம் எனலாம். ஒரே லயத்தில் வாழ்பவர்க்கு அட்டை எதற்கு? வாயாற் சொன்னாற் போதும். கோத்தகிரிக்கோ கூடலூருக்கோ போய்விட்ட அம்மாயிக்குச் சொல்லக் கடிதம் வேண்டும். கையிற் கிடைத்தது வான்கடிதத் தாள். அதனுள் வேறெதனையும் வைத்தொட்டல் ஆகாது என்பது அஞ்சல் விதி. ஆகவே எழுதியது போக மிஞ்சிய ஓரமே பூவரைய எஞ்சிய இடம். பெரியவர் எழுதி முடித்த கடிதத்தின் மூலையில் ஒரு பிள்ளையின் கோணல் எழுத்து அமைந்தால் அதுவே வாழ்த்து அட்டை.

அட்டை செய்வதற்குப் பள்ளியும் வேண்டும். 1907இலும் 1920இலும் வந்த சட்டங்கள் தோட்டப் பிள்ளைகளின் கல்வியைத் தோட்டத்தின் பொறுப்பாக்கின. பொறுப்பு நிறைவேறிய அழகு வேறு: ஓரறை, ஓராசிரியர், ஐந்தாம் வகுப்போடு முற்று. அங்கு வண்ணத்தாள் கண்டிருப்போர் சிலரே. 1970களின் பிற்பகுதியிலிருந்து அரசு இப்பள்ளிகளைப் பொறுப்பேற்றது. 1980களிற் சுவீடன் நாட்டு உதவியுடன் கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் வந்தன. சித்திர பாடம் என ஒன்று உண்டென்பதைத் தோட்டத்துப் பிள்ளைகள் பரவலாக அறிந்தது இதன் பின்னரே. மடித்த அட்டை, கத்தரித்த பூ, கோதுமை மாவைக் காய்ச்சிய கூழ்ப்பசை ஆகியன வகுப்பிலிருந்து வீட்டுக்கு வந்தன. ரொட்டிக்கு வைத்த மாவிற் பசை காய்ச்சியதற்காகத் திட்டு வாங்கிய பிள்ளைகளும் இருந்திருப்பர்.

பிள்ளைகளின் பிறந்தநாள் பள்ளிப் பதிவேட்டில் உண்டு. பெற்றோர், பாட்டிமார் நாள்களை அறிவது எவ்வாறு? இதற்கு அரசின் தாளே உதவியது என்பது விந்தை. 1968இன் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின்படி 1972 முதல் வழங்கப்பட்ட தேசிய அடையாள அட்டையின் இலக்கத்திற் பிறந்தநாள் பொதிந்துள்ளது. முதலிரண்டு எண் ஆண்டு. அடுத்த மூன்றும் அவ்வாண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாயின் அதனுடன் 500 கூட்டப்படும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் கொள்வர். மார்ச் 15இற் பிறந்த ஆணுக்கு 075, பெண்ணுக்கு 575. ஈற்றெழுத்து, வாக்குரிமைக்குரியவர்க்கு 'வி' என்றும் அல்லாதவர்க்கு 'எக்ஸ்' என்றும் அமைந்தது. 2016இல் இலக்கம் பன்னிரண்டு தானமாக நீண்டு, ஆண்டு முழுமையாக வரலாயிற்று, நாட்கணக்கு மாறவில்லை. நாடற்றோர்க்கு உரிமையளித்த 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்களின் பின், முன்பு இவ்வட்டைக்கு வழியற்றிருந்த பல முதியோர் இதனைப் பெற்றனர். கணக்குப் பாடம் கற்ற பேர்த்தி ஐந்நூறு கழித்துப் பாட்டியின் பிறந்தநாளைப் பாட்டிக்கே சொல்லலாம்.

அந்த நாள் மெய்யான நாள்தானா என்பது வேறு கேள்வி. பிறப்புப் பதிவு அகப்படாதவர்க்குப் பதிவாளர் நாயகத் திணைக்களம் வழங்குவது உத்தேச வயதுச் சான்றிதழ். பெயரே உணர்த்துவதுபோல அது மதிப்பீடு. வெள்ளம் வந்த ஆண்டிற் பிறந்தேன் என்பவளின் நினைவு எழுதுவினைஞர் மேசையில் ஓர் எண்ணாகிறது. பாட்டி ஆடி மாதம் என்பாள், அடையாள அட்டை மார்ச் என்னும். பிள்ளை அட்டை செய்வது மார்ச்சில். பாட்டி அதனை மறுப்பதில்லை.

அண்மைக்காலத்தில் இவ்வட்டைக்கு வேறு பிரிவுகள் வாய்த்துள்ளன. தாய் மத்திய கிழக்கில் வீட்டுப்பணியில் இருக்கிறாள்; அண்ணன் கொழும்பிற் கடையில் நிற்கிறான். செய்த அட்டையைக் கைப்பேசியிற் படம்பிடித்து அனுப்புகின்றனர். 2022இன் பொருளாதார நெருக்கடியிற் காகிதமின்மையால் மேல்மாகாணப் பள்ளிகளிலேயே தவணைப் பரீட்சை பிற்போடப்பட்டது. கொப்பியின் விலை ஏறியது. ஒருபக்கம் எழுதிய தாளின் மறுபக்கமும் பயன்பட்ட காலம் அது. அட்டைகளில் வரையப்படுவனவற்றுள் ரோசாப்பூ முதலிடம் பெறுவது அச்சிட்ட அட்டையின் செல்வாக்கு. சிலவற்றில் மலையும் மஞ்சள் ஞாயிறும் கூடை சுமந்த பெண்ணும் வருகின்றனர். சுற்றுலாப் படங்களிற் சிரிக்கும் கொழுந்துப் பெண்ணிலிருந்து இவள் வேறுபட்டவள்; இடுப்பிற் படங்கு கட்டியிருப்பாள், சிலவேளை காலில் அட்டை கடித்த புள்ளியும் இருக்கும்.

மணி ஐந்துக்கு மலையிறங்கி வரும் தாய் முதலில் அடுப்பைப் பார்ப்பாள். தேநீர் வைத்தபின்பே அட்டையைப் பிரிப்பாள். சில நாள் அது சுவரிற் சாமிப்படத்தினருகே நிற்கும். புகை படிந்து ஓரம் சுருளத் தொடங்கியதும், பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் வைப்புப் புத்தகமும் உள்ள பிளாஸ்திக் உறையில் அதனையும் இட்டுத் தகரப்பெட்டியை மூடுவாள்.