பழவேற்காட்டு நீரின் நிறமும் குவாண்டம் மெய்ம்மையும்

குவாண்டம் விதிகள் அணுவுக்குள் மட்டுமே செல்லும், கண்காணும் உலகம் வேறு என்று பலர் எண்ணுகின்றனர். பார்ப்பவரின் மனமே பொருளை உண்டாக்குகிறது என்று அவ்விதிகளுக்குப் பொருள் சொல்வோரும் உண்டு. இரண்டும் பிழை என்பதைப் பழவேற்காட்டு நீரின் நிறத்தைக் கொண்டே நிறுவலாம்.

மழைக்காலத்தில் ஆரணியாறு கொண்டுவரும் வண்டலால் பழவேற்காடு ஏரி கலங்கிப் பழுப்பாகிறது. பாசி மிகுந்தால் பச்சையாகிறது. முகத்துவாரம் கடந்து வெகுதூரம் போனால் கடல் நீலம். அந்த நீல நீரையே உள்ளங்கையில் அள்ளினால் நிறமில்லை. கலங்கலும் தெளிவும் குப்பத்து மீனவருக்குத் தொழிற்செய்திகள். இயற்பியலாளருக்கு அவை ஒரு கேள்வி.

ஆழ்கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்றார் ராலே பிரபு. 1921இல் கப்பற்பயணத்தின்போது சி.வி. ராமன் நிக்கோல் பட்டகத்தால் மேற்பரப்பின் பிரதிபலிப்பை விலக்கிப் பார்த்தார். நீலம் மறையவில்லை, முன்னிலும் துலங்கியது. நீர் மூலக்கூறுகளின் ஒளிச்சிதறலே முதற்காரணம், ஒளி உட்கவரப்படுவது நிறத்தைச் செறிவாக்கும் துணைக்காரணம் என்று அவர் முடிவுகட்டினார். இன்று அந்த வரிசையைத் திருத்த வேண்டும். சிதறல் ஒளியை மேலே திருப்புகிறது. நிறத்தை முடிவுசெய்வதில் உட்கவர்தலுக்கே முதலிடம்.

நீர் மூலக்கூறின் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பு எந்த ஆற்றலிலும் அதிர்ந்துவிடாது. வரையறுத்த படிகளில் மட்டுமே அதிரும். இது முழுக்கக் குவாண்டம் விதி. அடிப்படை அதிர்வு அகச்சிவப்பில் உள்ளது. பல படிகளை ஒருசேரத் தாண்டும் வலுக்குறைந்த தாவல்கள் 660 நானோமீட்டர் அருகே சிவப்பொளியைச் சிறிதளவு கவர்கின்றன. உள்ளங்கை நீரில் புலப்படாத இந்த இழப்பு, பல மீட்டர் நீரைக் கடக்கையில் நீலமாகத் தெரிகிறது. கனநீரில் டியூட்டீரியத்தின் எடையால் அதிர்வு மெதுவாகி, உட்கவர்தல் அகச்சிவப்புக்கு நகர்கிறது. அந்த நீலமும் இல்லாமற் போகிறது. மூலக்கூறுகளின் அதிர்வுப் படிகளைக் கட்புல ஒளியாலேயே அளக்க வழிசெய்தது, 1928இல் ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் கண்ட விளைவு. 1921இன் கேள்விக்கு வேண்டியிருந்த மிச்ச விடைக்கு அதுவும் ஒரு வாயில்.

நீலம் என்னும் உணர்வுக்குக் கண்ணும் மூளையும் தேவைதானே என மறுக்கலாம். உண்மை. ஆனால் சிவப்பொளி குறைவதை ஆளில்லாத நிறமாலைமானியும் பதிவுசெய்யும். குவாண்டம் உலகில் அளவீட்டுக்கு முன்பே எல்லாப் பண்புகளுக்கும், அளக்கும் அமைப்பைச் சாராத மதிப்புகள் இருந்தன என்று கொள்ள முடியாதென 1967இல் கணிதவியலாளர்கள் கோக்கனும் ஸ்பெக்கரும் நிறுவினர். அங்கும் பேசப்படுவது அளக்கும் அமைப்பு. அளப்பவரின் மனம் அன்று. இயற்பியலாளர்கள் போர், போம், எவரெட் வழிவந்த குவாண்டம் விளக்கங்களுக்கிடையே வழக்கு இன்னும் தீரவில்லை. எனினும் சூழலைச் சார்ந்திருப்பதை மனத்தைச் சார்ந்திருப்பதாகக் கொள்வதற்கு இவ்வழக்கு இடம்தரவில்லை.

ஆழம், வண்டல், ஒளி ஆகியவற்றுக்கேற்ப நீரின் நிறம் மாறுகிறது. மாறுவதாலேயே அது மாயையாகிவிடாது. எந்தச் சூழலில் எப்படி மாறும் என்று கணிக்க முடிவதே அதன் மெய்ம்மைக்குச் சான்று.