குன்றின்மேல் நிற்கும் வரலாறு

விடுமுறை வந்துவிட்டால் சேலம், நாமக்கல் வட்டாரக் குடும்பங்கள் ஏற்காட்டுக்கும் மேட்டூர் அணைக்கும் கொல்லிமலைக்கும் புறப்படுவது வழக்கம். அவ்வழிகளில் பேருந்துச் சன்னலுக்கு வெளியே தென்படும் கோட்டைக் குன்றுகளைப் பலரும் கடந்து போய்விடுகிறோம். பூமியில் பயணம் செய்து, முன்சென்றோரின் முடிவை நோக்குமாறு திருக்குர்ஆன் பலமுறை அழைக்கிறது. அதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை, சங்ககிரி போதும்.

சேலத்திலிருந்து ஈரோடு செல்லும் வழியில் உள்ளது சங்ககிரி. விசயநகரப் பேரரசின் காலத்தில் எழுந்த கோட்டை அது. பின்னர் மைசூர் ஆட்சியில் ஹைதர் அலிக்கும் திப்பு சுல்தானுக்கும் முக்கியமான அரணாயிற்று. வாயில் வாயிலாகக் கடந்து மேலே ஏறினால் தானியக் கிடங்கும், பெருமாள் கோயிலும், பள்ளிவாசலும் ஒரே மலையில் இருப்பதைக் காணலாம். ஆள்வோர் மாறினர், வழிபாட்டிடங்கள் அருகருகே நிலைத்தன. குழந்தைகளுக்குக் காட்ட வேண்டிய முதல் பாடம் இது.

இரண்டாவது பாடம், நம் வீட்டுப் பெட்டிக்குள் இருக்கிறது. 1768இல் கம்பெனிப் படை இப்பகுதிக் கோட்டைகள் பலவற்றைக் கைப்பற்றியது. அடுத்த சில மாதங்களில் ஹைதர் அலி அவற்றை மீட்டார். 1792 மார்ச்சில் நடந்த சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு தம் நாட்டின் பாதியை விட்டுக்கொடுக்க நேர்ந்தபோது, பாராமகாலும் சேலமும் கம்பெனியின் வசமாயின. நிர்வாகம் அலெக்சாண்டர் ரீடிடம் ஒப்படைக்கப்பட்டது; அவருக்குத் துணையாக இருந்தவர் தாமஸ் மன்றோ. உழவரிடமே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருப்பெற்றது. நாம் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் நிலப் பட்டாவின் கதையைத் தேடினால், அது இச்சமவெளியின் போர்களில் போய் முடியும்.

1799 மே 4 அன்று திப்பு சீரங்கப்பட்டணத்தில் போரிட்டு மாண்டார். அவருக்குத் துணைநின்ற கொங்கு வீரர் தீரன் சின்னமலை, கம்பெனியை எதிர்த்துத் தொடர்ந்து போராடி, 1805இல் இதே சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார். மைசூர் சுல்தானையும் கொங்குப் பாளையக்காரரையும் ஒரே வரலாற்றில் இணைக்கிறது இந்த மலை.

நாமக்கல்லிலும் இதைப் போன்றதொரு காட்சி உண்டு. ஒற்றைப் பாறையின் அடியில், எட்டாம் நூற்றாண்டில் அதியர் மரபினர் குடைவித்த குடைவரைக் கோயில்கள், உச்சியில் கோட்டை. மைசூர்ப் படையும் கம்பெனிப் படையும் மாறி மாறி அதைக் கைக்கொண்டன. அக்குடைவரைகளில் இன்றும் வழிபாடு நடக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பழைய பள்ளிவாசல் எதைக் கண்டாலும் 'திப்பு கட்டியது' என்று சொல்லிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. சேலத்தில் திருமணிமுத்தாற்றங்கரையில் உள்ள ஜாமிஆ மஸ்ஜிதைப் பற்றியும் அவ்வாறே வழிவழியாகச் சொல்லப்படுகிறது. செவிவழிச் செய்திக்கு உரிய மதிப்பைத் தரலாம். ஆயினும் அதையே முழு வரலாறாகக் கொண்டால், 'நாம் திப்புவின் படையோடு வந்தவர்களா?' என்ற பிள்ளையின் கேள்விக்குத் தவறான விடை தருவோம். தமிழ் மண்ணில் இஸ்லாத்தின் வேர் மைசூர் ஆட்சியினும் மிகப் பழையது. அண்டையிலுள்ள திருச்சியின் கல்லுப்பள்ளிக்கு ஹிஜ்ரி 116, அதாவது கி.பி. 734 என்று காலம் குறிக்கப்படுகிறது. இந்த மண்ணோடு நமக்குள்ள உறவுக்கு எந்த மன்னரின் படையெடுப்பும் சான்றாக வேண்டியதில்லை.

ஆகவே அடுத்த விடுமுறையில் ஃபஜ்ருத் தொழுகை முடித்து, போதிய தண்ணீருடன், வெயில் ஏறுமுன் மலையேறுங்கள். சுவரில் பெயர் கிறுக்காமல் பார்க்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். இறங்கி வந்தபின் உங்கள் மஹல்லாப் பள்ளிவாசலையும் அதே கண்ணோடு பாருங்கள். திருப்பணி நடக்கும்போது பழைய கல்வெட்டுகள் சுண்ணாம்புக்கு அடியில் மறைவதும், தூண்கள் பெயர்க்கப்படுவதும் பல ஊர்களில் நடக்கின்றன. கல்வெட்டு இருந்தால் படம் எடுத்து வையுங்கள். ஜமாஅத்தின் பழைய வக்ஃபு ஏடுகளைப் படியெடுத்து வையுங்கள். முதியோர் சொல்வதை யார் சொன்னது, எப்போது சொன்னது என்ற குறிப்போடு எழுதி வையுங்கள். நாளைய தலைமுறைக்கு இம்மூன்றும் சான்றாக நிற்கும், இன்ஷா அல்லாஹ்.