மொய்யும் நஜரும்

நம் பொள்ளாச்சிப் பக்கத்துக் கல்யாணங்களில் மொய் வைப்பவரின் பெயர், ஊர், தொகை எல்லாம் நோட்டில் ஏறும். நாளை அவர் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்ய வேண்டும். ஒளிவுமறைவு இல்லை, அதனால் அது லஞ்சமல்ல என்பார்கள். அந்தக் காரணம் மட்டும் போதாது.

புதுச்சேரியில் துய்ப்ளெக்சின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில் கவர்னருக்கு வைத்த நஜர்களையும் குறித்திருக்கிறார். அதுவும் பலர் முன்னிலையில் கொடுத்ததுதான். ஆங்கிலக் கம்பெனியிலோ இவ்வழக்கம் முற்றிப்போய், ஊழியர்கள் அன்பளிப்பு வாங்குவதையே 1773-ஆம் வருடத்து ரெகுலேட்டிங் சட்டம் தடுத்தது. வாரன் ஹேஸ்டிங்ஸ் மேல் வந்த குற்றச்சாட்டுகளில் அன்பளிப்பு வாங்கியதும் ஒன்று, 1795-இல் விடுதலையானார்.

நான் பள்ளியில் படித்த பிரெஞ்சில் லஞ்சத்துக்கு 'போ-த-வேன்' என்று பெயர். ஒரு குடம் ஒயின் என்று அர்த்தம். பேரம் முடிந்ததும் விலைக்கு மேல் கொடுத்த சிறு காசைத்தான் ஆதியில் அப்படிச் சொன்னார்கள். அன்பளிப்பாகத் தொடங்கிய சொல் லஞ்சமாக முடிந்தது.

மொய் ஆளுக்கு வருகிறது. நஜர் நாற்காலிக்கு வருகிறது. வித்தியாசம் அவ்வளவுதான். ரிட்டையரான பிறகும் வீடு தேடி வருகிற தீபாவளிப் பலகாரம்தான் அன்பளிப்பு.