சாப்பாக் குறி விழுந்த வெள்ளி: கிள்ளான் கரையும் அமெரிக்க வணிக டாலரும்

அமெரிக்க நாணயம் சேகரிப்போர் பெரும்பணம் கொடுத்துத் தேடுவது, கைபடாத, பளபளப்புக் குன்றாத, தரச்சான்றுடன் பிளாஸ்டிக் பேழையில் முத்திரையிட்ட காசுகளை. ஆனால் அவற்றுள் ஒன்று, அமெரிக்கர் கையில் புழங்குவதற்கென அச்சிடப்பட்டதே அல்ல. 1873 முதல் 1878 வரை புழக்கத்துக்கு அடிக்கப்பட்ட வணிக டாலர், சீனாவையும் கீழைத் துறைமுகங்களையும் நோக்கிக் கப்பலேறியது. மாசு மறுவற்ற வணிக டாலர் தன் வேலையைச் செய்யாமலே தங்கிவிட்ட நாணயம். அதன் உண்மையான வரலாறு சாப்பாக் குறி விழுந்த காசுகளில்தான் இருக்கிறது.

அக்காலத்தில் கீழைத் துறைமுகங்களின் வாணிகத்தை ஆண்டது மெக்சிகோ வெள்ளி. நெவாடா சுரங்கங்களில் வெள்ளி குவிந்தபோது, மெக்சிகோ காசுக்குப் போட்டியாக 1873 பிப்ரவரி 12ஆம் நாள் சட்டத்தின்வழி வணிக டாலர் பிறந்தது. எடை 420 கிரெயின், அதாவது 27.22 கிராம், மெக்சிகோ காசைவிடச் சற்றுக் கூடுதல். எடையும் 900 என்ற வெள்ளித் தூய்மையும் நாணயத்திலேயே பொறிக்கப்பட்டன. முன்பக்கத்தில் சரக்குப் பொதிகள்மேல் அமர்ந்த சுதந்திரதேவி கடலை நோக்கி ஒலிவக் கிளையை நீட்டுகிறாள். இது யாருக்கான காசு என்பதை அந்த உருவமே சொல்லிவிடுகிறது.

சீன வணிகர்களும் சராப்புகளும் காசைத் தட்டி ஓசை கேட்டு, நல்ல வெள்ளி என்று தெளிந்தபின் தத்தம் குறியைக் குத்தினர்; இதுவே சாப்பாக் குறி. ஒரே காசில் சிறு சீன எழுத்தும் நட்சத்திரமும் வட்டமும் நெருங்கிக் கிடப்பதுண்டு. ஒவ்வொரு குத்தும் ஒரு வணிகரின் உத்தரவாதம்.

நீரிணைக் குடியேற்றங்களில் 1890ஆம் ஆண்டு ஆணைப்படி மெக்சிகோ டாலரே அடிப்படை நாணயம். அதனோடு அமெரிக்க வணிக டாலர், ஜப்பானிய யென், ஹாங்காங் டாலர் ஆகியவையும் செல்லுபடியாயின. அமெரிக்காவோ 1876லேயே உள்நாட்டில் இதன் சட்டச் செல்லுபடியை நீக்கிவிட்டிருந்தது. பிறந்த நாட்டில் இழந்த மதிப்பை இந்தக் காசு நம் கரையில் பெற்றிருந்தது என்பது என்னைப் பெரிதும் கவர்ந்த செய்தி.

வெள்ளியின் விலைச்சரிவு இந்தக் கலப்பு நாணய முறைக்கு முடிவு கட்டியது. 1903இல் நீரிணை டாலர் வந்தது. அடுத்த ஆண்டே மெக்சிகோ டாலரும் பின்னர் சேர்ந்திருந்த பிரிட்டிஷ் வணிக டாலரும் விலக்கப்பட்டன. 1906இல் நீரிணை டாலரின் மதிப்பு 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று நிலைநிறுத்தப்பட்டது. அந்தச் சில ஆண்டுகளுக்குள்தான் தோட்ட முதலாளி எட்வர்ட் வேலன்டைன் கேரி கோலலங்காட் கடலோரத் தீவைத் தோட்டமாக்கத் தொடங்கினார். தீவு இன்றும் அவர் பெயரைத் தாங்குகிறது. ஆகவே கேரி தீவுக்கு வந்த நம் தமிழ்த் தொழிலாளர் கையில் விழுந்தது புதிய நீரிணை வெள்ளியே. பழைய கலப்பு வெள்ளிக் காலத்தைக் கண்டவர்கள் அவர்களுக்கு முன்பே சிலாங்கூர் காப்பித் தோட்டங்களில் உழைத்தவர்கள். தோட்டக் கூலியின் வரலாற்றை எழுதுவோர் இவ்விரு காலங்களையும் பிரித்தறிய வேண்டும்.

சேகரிப்போர் நம்பும் தரமிடலோ பின்னால் வந்த கலை. 1949இல் வில்லியம் ஷெல்டன் 1 முதல் 70 வரையிலான அளவுகோலை அமெரிக்காவின் பழைய பெரிய செப்புச் சென்ட்களுக்காக வகுத்தார். 1986இல் பிசிஜிஎஸ், 1987இல் என்ஜிசி ஆகிய நிறுவனங்கள் அதன்படி நாணயங்களுக்குத் தரச்சான்று வழங்கத் தொடங்கின. சாப்பாக் குறி நெடுங்காலம் சேதம் என்றே தள்ளப்பட்டது. பிற்பாடு பிசிஜிஎஸ் குறி விழுந்த வணிக டாலர்களைத் தனி வகையாக ஏற்று, அவற்றுக்கும் தர எண் வழங்கியது. காலம் கடந்து வந்தாலும், நேர்மையான திருத்தம்.

மாசற்ற காசு தன் வேலையைச் செய்யாதது என்பதையே அரிய காசுகளின் பட்டியலும் காட்டுகிறது. 1885ஆம் ஆண்டு வணிக டாலர் ஐந்தே உண்டு. அவை வணிகத்துக்குப் போகாத சிறப்பு மெருகுக் காசுகள். கார்சன் நகர அச்சகத்தில் 1878இல் அடித்த 97,000 காசுகளில் கணிசமான பகுதி உருக்கப்பட்டிருக்கக்கூடும் என்பது ஆய்வாளர் கணிப்பு. எனவே அந்த ஆண்டுக் கார்சன் காசில் சாப்பாக் குறி காண்பது மிக அரிது, கண்டால் அதற்குத் தனி மதிப்பு.

போலிகளும் ஏராளம். கோலாலம்பூர்ப் பழம்பொருள் சந்தையில் வணிக டாலர் வாங்குவோர் முதலில் ஆண்டைப் பார்க்க வேண்டும். 1873க்கு முந்திய ஆண்டு பொறித்திருந்தால் அது போலியே. அடுத்து காந்தம், காசு ஒட்டினால் வெள்ளியல்ல. பிறகு தராசு: தேய்மானத்துக்குச் சிறிது விட்டுக்கொடுத்தாலும் 27 கிராமை ஒட்டி நிற்க வேண்டும். சாப்பாக் குறியையும் போலியாகக் குத்துகிறார்கள். காசின் தேய்மானத்தோடு குறியின் விளிம்பும் தேய்ந்திருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பார்ப்பது அவசியம்.