சாத்ராஸ் கணக்கரும் ஊர் ஏக்கமும்

மாமல்லபுரம் வருகிறவர்கள் கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு எல்லாம் பார்த்துவிட்டு, சூடாகப் பொரித்த மீன் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவார்கள். இன்னும் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டியிருக்கும் சதுரங்கப்பட்டினம் வரை போகிறவர்கள் ரொம்பக் குறைவு. டச்சுக்காரர்கள் 'சாத்ராஸ்' என்று எழுதிய ஊர் அது. அந்தக் காலத்தில் மெல்லிய மஸ்லின் துணிக்குப் பெயர் போனது. இன்று மிஞ்சியிருப்பது கடலைப் பார்த்த ஒரு செங்கல் கோட்டை, கிடங்குகள், உள்ளே ஒரு சின்னக் கல்லறைத் தோட்டம். கல்லறைப் பலகைகளில் டச்சு எழுத்துகளும் குடும்பச் சின்னங்களும் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைப் பார்த்தபோது எனக்குத் தோன்றிய முதல் கேள்வி, இவர்களுக்கெல்லாம் ஊர் ஞாபகம் வந்திருக்காதா என்பதுதான்.

நான் படிப்பது பி.காம். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி (1602-இல் தொடங்கியது) எங்களுக்குப் பாடப்புத்தகத்தில் பங்குச் சந்தையின் முன்னோடியாகத்தான் அறிமுகம். பங்குதாரர், லாப ஈவு, அவ்வளவுதான். கப்பலில் ஏறிய ஆட்களைப் பற்றி அங்கே ஒரு வரி கிடையாது. சுமார் இருநூறு வருடத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் அந்தக் கம்பெனிக்காக ஆசியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். திரும்பிப் போனவர்கள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவே.

அவர்கள் கிளம்பிய விதத்தைக் கேட்டால் நம் ஊர் ஏஜென்ட் கதை மாதிரியே இருக்கும். ஆம்ஸ்டர்டாமில் கையில் காசில்லாத வாலிபனுக்கு ஒரு விடுதிக்காரர் சோறும் இடமும் போட்டு, கம்பெனியில் சேர்த்துவிடுவார். அந்தக் கடனுக்குக் கம்பெனி ஒரு சீட்டு தரும். அவன் சம்பளம் சேரச் சேரத்தான் அதற்குப் பணம் வரும். விடுதிக்காரரால் அவ்வளவு காலம் காத்திருக்க முடியுமா? பாதி விலைக்கோ கிடைத்த விலைக்கோ அதை இன்னொருவரிடம் தள்ளிவிடுவார். வாங்கியவர் அவன் உயிரோடு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வார் :-) (நாங்கள் பில் டிஸ்கவுன்டிங் என்று படிக்கிறோமே, அதுதான்.) இந்தச் சீட்டு வியாபாரிகளை மக்கள் 'ஆன்மா வாங்குகிறவர்கள்' என்று கேலி செய்தார்கள். டச்சு மொழியில் சீட்டுக்கும் ஆன்மாவுக்கும் ஒலி கிட்டத்தட்ட ஒன்று. வீட்டுக்குப் பணம் அனுப்பவும் வழி இருந்தது. வருடத்துக்கு மூன்று மாதச் சம்பளம் வரை மனைவிக்கோ பெற்றோருக்கோ எழுதிவைக்கலாம்.

சரி, சாத்ராஸுக்கு வருவோம். இங்கே 1779-இல் கணக்கும் கடிதங்களும் எழுத ஒருவர் வந்தார். பெயர் யாக்கோப் ஹாஃப்னர். 1754-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் பிறந்தவர். அப்பா கப்பல் வைத்தியர். மகனையும் அழைத்துக்கொண்டு கிளம்பிய பயணத்தில், 1766-இல் தென்னாப்பிரிக்கக் கேப் பகுதியில் அப்பா இறந்துபோனார். பன்னிரண்டு வயதில் தனி ஆள். அதற்குப் பிறகு 'சொந்த ஊர்' என்று அவருக்கு எதைச் சொல்வது? நாகப்பட்டினத்தில் கம்பெனிக் கணக்கராக இருந்தார், தமிழ் கற்றார், பிறகு சாத்ராஸ். மற்ற ஐரோப்பியர்கள் கோட்டைக்குள் ஒரு குட்டி ஹாலந்தைக் கட்டிக்கொண்டு ஊர் நினைப்பை ஆற்றிக்கொண்டார்கள். இவர் கோட்டைக்கு வெளியே ஊரைத் தேடினார்.

1781-இல் ஆங்கிலேயர்கள் சாத்ராஸைப் பிடித்தார்கள். ஹாஃப்னர் கைதியாகச் சென்னைக்குப் போனார். ஹைதர் அலி போர்க் காலம் அது. 1782-இல் சென்னைத் தெருக்களில் பஞ்சத்தில் ஜனங்கள் செத்து விழுந்ததை நேரில் பார்த்தார். ஆங்கிலேயர் மேல் அவருக்கு வந்த கோபம் கடைசி வரை தணியவில்லை. பிறகு தரங்கம்பாடி வழியாக இலங்கைக்குத் தப்பினார். கல்கத்தாவிலும் கணக்கு வேலைதான். 1786-இல் பல்லக்கில் சோழமண்டலக் கரையோரம் பயணம் செய்தார். அதைப் பற்றிய நூலில் மாமல்லபுரச் சிற்பங்கள் வருகின்றன. மாமியா என்ற நடனப் பெண்ணின் மேல் அவர் வைத்த காதலும் வருகிறது. அவள் இறந்துபோனாள். அவர் 1787-இல் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினார்.

கதை உண்மையில் இங்கேதான் ஆரம்பிக்கிறது. சேர்த்த பணத்தை பிரெஞ்சுப் பத்திரங்களில் போட்டார். பிரெஞ்சுப் புரட்சி வந்து எல்லாம் காகிதமானது. ஆம்ஸ்டர்டாமில் வறுமை. இந்தியாவுக்கே திரும்ப அனுப்பும்படி மனு போட்டார், மறுத்துவிட்டார்கள். சாத்ராஸ் கோட்டைக்குள் இருந்தவர்கள் ஆம்ஸ்டர்டாமை நினைத்து ஏங்கியிருப்பார்கள். இவரோ ஆம்ஸ்டர்டாமில் உட்கார்ந்து சாத்ராஸை நினைத்து ஏங்கினார்.

இதைப் படித்தபோது எனக்கு என் மாமா ஞாபகம் வந்தது. பதினெட்டு வருடம் சவுதி. போனில் எப்போதும் ஊர் பேச்சுதான். மழை பெய்ததா, ஏரி நிரம்பியதா என்று கேட்பார். ஆனால் லீவில் வந்தால் பத்தாம் நாளே முகம் மாறிவிடும். "இங்க எனக்கு யாரையும் தெரியலடா" என்றார் ஒருமுறை, எங்கள் தெரு முனையில் நின்றுகொண்டு. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது. அவர் கணக்கில் இழந்தது ஒரு ஊர் அல்ல, இரண்டு.

ஹாஃப்னர் ஏக்கத்தை எழுதித் தீர்த்தார். கிறிஸ்தவ மிஷன்களால் என்ன பயன் என்ற போட்டிக்கு, பயனில்லை என்று வாதாடி ஒரு கட்டுரை அனுப்பினார். பரிசு அதற்குத்தான் கிடைத்தது. அது 1807-இல் புத்தகமானது. பல்லக்குப் பயணம் 1808-இல் வெளியானது. அடுத்த வருடமே, 1809-இல், ஆம்ஸ்டர்டாமில் இறந்தார். வயது ஐம்பத்தைந்து.

ராமாயணத்தை டச்சு மொழியில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதிவந்திருந்தார். அதை அவர் மகன் 1823-இல் அச்சிட்டார். அடுத்த வருடம் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். 1825-இல் சாத்ராஸ், கோட்டையும் கல்லறைகளுமாக, ஆங்கிலேயர் கைக்குப் போனது.