பிறர் கையிலிருந்த சொல்: சப்பிரகமுவத் தோட்டங்களில் முதியோர் தனிமை

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் வாழும் மலையகத் தமிழர், நுவரெலியா மாவட்டத்தாரைப் போலத் திரளாக வாழ்பவரல்லர்; சிங்களக் கிராமங்களுக்கிடையே சிறு சிறு தொகுதியினராகச் சிதறி வாழ்பவர். ஆதலின், உறவினர் ஒருவரின் பிரிவும் இங்குப் பேரிழப்பாகும். இம்முதியோரின் தனிமை அப்பிரிவுகளின் வரலாற்றோடு பிணைந்தது.

1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியது. 1964இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியோராக வகுத்தது. பெற்றோர் ஒரு நாட்டிலும் பிள்ளைகள் மறு நாட்டிலுமாகக் குடும்பங்கள் பிளவுண்டன. 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்கள் மேலும் பலரை வவுனியாவுக்கும் தமிழகத்துக்கும் துரத்தின. 1984இல் தலைமன்னார் - இராமேசுவரம் கப்பற் சேவையும் நின்றது.

எஞ்சிய தொடர்பு கடிதமே. அதுவும் லயன் அறைக்கு வருவதில்லை. தனி முகவரியின்மையால் தோட்ட அலுவலகத்தினூடாகவே வந்து சேர்ந்தது. எழுத்தறியாத தாய் தன் மகளுக்குக் கூற விரும்பியதை எழுதுபவர் முதலிற் கேட்டார். மகளின் மறுமொழியை வாசிப்பவர் முதலில் அறிந்தார். மருமகனைப் பற்றிய ஒரு குறையையேனும் மறைவாகக் கேட்க அவளுக்கு வழியிருக்கவில்லை.

2020 மார்ச் 20ஆம் திகதி நாடளாவிய ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. கொழும்பிற் கடைகளிலும் தொழிற்சாலைகளிலும் பணிபுரிந்த பிள்ளைகள் பலர் ஊர் திரும்ப இயலாதிருந்தனர். கோயில் திருவிழாவும் கல்யாண வீடும் இழவு வீடும் முதியோர்க்கு அளித்துவந்த கூட்டுறவு அற்றது. பாடசாலைகள் ஏற்கெனவே மூடப்பட்டிருந்தமையால் பாடங்களும் திறன்பேசி வழியே வந்தன. வீட்டிலிருந்த ஒரே கருவியை ஏந்திச் சிறுவர் அலைவரிசை கிட்டும் மேட்டை நாடினர். பாட்டிக்குக் கிடைத்தவை இரவிற் சில நிமிடங்களே. அப்போதும் கருவி பேரன் கையில். கட்டணம் கரைகிறதென்ற அச்சம் அவள் நெஞ்சில். தொலைவிலுள்ள மகளின் முகத்தைக் கண்டாள், மனத்திலுள்ளதைக் கூறினாளல்லள்.

கடிதக் காலத்துக் குறை இவ்வாறு இணையக் காலத்தும் தொடர்ந்தது. எனினும், ஒரு வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது. குரலைப் பதிந்தனுப்பும் வசதிக்கு எழுத்தறிவு வேண்டுவதில்லை. எழுதுபவரும் வாசிப்பவருமின்றித் தன் சொல்லைத் தானே அனுப்பும் வாய்ப்பு எழுத்தறியா முதியோர்க்கு இதனால் உண்டாயிற்று. அதனைப் பயன்கொள்ளக் கருவி அவர்கள் கையிலும் இருத்தல் வேண்டும். அதனை இயக்கப் பொறுமையோடு பழக்குவோரும் வேண்டும். தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த இளைஞர் விடுமுறைக்கு வீடு செல்லும்போது ஆற்றத்தக்க பணி இது.