ஊருமாக்கோவின் ராட்சத ஆமை

வெனிசுவேலாவின் வடமேற்கில், ஃபால்கோன் மாநிலத்தில் ஊருமாக்கோ என்றொரு ஊர். கள்ளியும் முள்மரமும் வெடித்த மண்ணுமாக வறண்ட நிலம். உலகிலேயே மிகப் பெரிய நன்னீர் ஆமையின் எலும்பு அங்கேதான் கிடைத்தது என்று வகுப்பில் சொன்னால், "தண்ணியே இல்லாத ஊர்ல ஆமை எப்படி சார்?" என்று பிள்ளைகள் உடனே கேட்டுவிடுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அது.

சுமார் 1 கோடி ஆண்டுகளுக்கு முன் அது வேறு நாடு. தென் அமெரிக்காவின் வடபாதி முழுக்க ஆறும் ஏரியும் சதுப்பும் பின்னிக் கிடந்தன. ஆண்டிஸ் மலை இன்றைய உயரத்தை எட்டியிருக்கவில்லை. அமேசானும் ஒரினோகோவும் இன்றைய வழியில் பிரிந்திருக்கவில்லை. அந்த வெதுவெதுப்பான நீர்வெளியில் வாழ்ந்ததுதான் ஸ்டுபெண்டெமிஸ் என்ற அந்த ராட்சத ஆமை.

1972-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு ஊருமாக்கோவில் அதன் எலும்புகளைத் தோண்டியெடுத்தது. 1976-ல் ரோஜர் வுட் அதற்குப் பெயர் வைத்தார். பிறகு கொலம்பியாவின் டட்டகோவா பாலைவனத்திலும் எலும்புகள் கிடைத்தன. எட்வின் கடேனாவும் அவருடைய குழுவினரும் 2020-ல் வெளியிட்ட கணக்குப்படி, ஓட்டின் நீளம் மட்டும் 2.4 மீட்டர்; எடை சுமார் 1,145 கிலோ.

இதைக் கரும்பலகையில் எழுதினால் வெறும் எண்ணாகவே நின்றுவிடும். அதனால் சாக்பீஸைக் கொடுத்து, வகுப்புத் தரையில் அந்த ஓட்டை வரையச் சொல்வேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை அதற்குள் கையைத் தலைக்கு மேல் நீட்டிப் படுத்தாலும் இடம் மிஞ்சும். தலை, கழுத்து, வால் எதுவும் இந்த அளவில் சேரவில்லை.

ஆண் ஆமைக்குக் கொம்பு உண்டு. தலையில் அல்ல, ஓட்டின் முன்விளிம்பில், கழுத்துக்கு இருபுறமும். கொம்பில் நீளமான ஆழமான தழும்பு இருப்பதால், ஆண்கள் ஒன்றோடொன்று மோதிச் சண்டையிட்டிருக்க வேண்டும் என்கிறார்கள். நம் ஊர்க் குளத்து ஆமையைப் போல் இது தலையை நேராக உள்ளிழுக்காது. கழுத்தைப் பக்கவாட்டில் மடித்து ஓட்டோரத்தில் ஒடுக்கிக்கொள்ளும் இனம்.

இத்தனை பெரிய உடம்புக்கு யாரிடமாவது பயம் இருந்திருக்குமா? இருந்தது. பத்து மீட்டர் அளவுக்கு வளர்ந்த புருசாரஸ் என்ற முதலையும் அதே தண்ணீரில்தான் கிடந்தது. ஓடுகளில் ராட்சத முதலைகள் கடித்த தடம் இன்றும் தெரிகிறது. அதைப் படத்தில் காட்டும்போது வகுப்பே அமைதியாகிவிடும்.

ஆண்டிஸ் உயர்ந்தது, ஆறுகள் திசை மாறின, ஊருமாக்கோ காய்ந்தது. சுமார் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஸ்டுபெண்டெமிஸ் அற்றுப்போனது. அதன் நெருங்கிய உறவான பெருந்தலை ஆமை அமேசான், ஒரினோகோ ஆறுகளில் இன்னும் இருக்கிறது. எடையில் கிட்டத்தட்ட நூற்றில் ஒரு பங்கு. அமேசானின் துணையாறான ரியோ நீக்ரோவின் கரையில் அதையும் இறைச்சிக்காகப் பிடிக்கிறார்கள்.